மண் மாதிரி எடுக்கக் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகப் பொறுப்பில் 1974-ல் புதுச்சேரியில்தான் உழவர்களுக்குப் பயிற்சி தரும் நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் தொடங்கியது. இன்று பல மாவட்டங்களில் இத்தகைய நிலையங்களில் மண் பரிசோதனை வசதி இருந்தும், மாதிரி எடுப்பதில்தான் கோட்டை விடுகிறோம். வரப்போரம், மரநிழல், எரு குவித்த இடம், உரமிட்ட கையோடு உள்ள வயல் ஆகியவற்றில் எடுத்தால் சத்து கூடுதலாகக் காட்டும். அதை நம்பி உரத்தைக் குறைத்தால் மகசூல் அடிவாங்கும்.

நெல் வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் மேலே கிடக்கும் குப்பையை ஒதுக்கி, 15 செ.மீ. ஆழத்துக்கு ‘வி’ வடிவில் வெட்டி, குழியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஓரங்குல கனத்துக்குச் சுரண்ட வேண்டும். சுரண்டிய மண்ணை ஒன்றாகக் கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிரான இரு பங்குகளை ஒதுக்கி, மீதியைத் திரும்பத் திரும்ப இப்படியே குறைத்து அரைக் கிலோவாக்கி, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டலாம். உரச்சாக்கு மட்டும் கூடவே கூடாது.

கிராமத்துக்கு வரும் வேளாண் மாணவர்கள் படம் காட்டுவதோடு நிற்காமல், வயலில் இறங்கி ஒரு குழியாவது வெட்டிக் காட்டட்டும்.