புரூஸ் ஸ்லாஸ் கட்டுரைக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

முதல் உலகப் போரில் உயிர்விட்ட ஆஸ்திரேலிய ஃபுட்பால் வீரர் புரூஸ் ஸ்லாஸைப் பற்றி எழுதியதற்குப் பாராட்டுகள் வந்துகொண்டே இருக்கின்றன. அதில் பெரும்பங்கு வேறு சிலருக்குப் போய்ச் சேர வேண்டியது.

முதலில், மெல்பர்னில் எங்கள் தெருப் பெரியவர். நடுக்கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் கோல், ஆறு புள்ளி; ஓரத்தில் போனால் ஒன்று என்று ஆஸ்திரேலிய ஃபுட்பாலை அடியிலிருந்து சொல்லிக் கொடுத்தார். 1914 இறுதிப் போட்டியில் ஸ்லாஸின் சௌத் மெல்பர்ன் அணி கார்ல்டனிடம் 39க்கு 45 என்று தோற்றது. சௌத் மெல்பர்ன் எடுத்தது நான்கு கோல், பதினைந்து ஒற்றைப் புள்ளி. அந்தப் பதினைந்தில் இரண்டு கோலாகியிருந்தால் வெற்றியே கைமாறியிருக்கும். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இன்றைக்கும் ஆதங்கம் தெரிகிறது. ஐயா, அந்த ஆதங்கம்தான் என்னை எழுத வைத்தது.

பழைய செய்தித்தாள்களை எடுத்துக் காட்டிய நூலகத்து அம்மாவுக்கும், படைவீரர் கோப்புகளை யாரும் காசில்லாமல் படிக்கும்படி இணையத்தில் ஏற்றிவைத்த ஆவணக் காப்பகத்தாருக்கும் நன்றி. 1916 அக்டோபர் 28 அன்று லண்டன் குயின்ஸ் கிளப் மைதானத்தில் ஆஸ்திரேலியப் படைவீரர்களே இரண்டு அணியாகப் பிரிந்து ஆடினார்கள். வேல்ஸ் இளவரசரும் பார்க்க வந்திருந்தார். அதில் மூன்றாம் டிவிஷன் என்ற படைப்பிரிவின் அணிக்கு ஸ்லாஸ்தான் கேப்டன். 52க்கு 36 என்று ஜெயித்தார்கள். அந்த ஆட்டத்தின் சலனப்படம் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. அதைக் காப்பாற்றியவர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் தகும்.

அப்புறம் இரண்டே மாதம். இயந்திரத் துப்பாக்கிப் படையில் லெப்டினன்டாக இருந்த ஸ்லாஸ், 1917 ஜனவரி 4 அன்று பிரான்ஸின் ஆர்மாந்தியேர் பக்கம் குண்டு விழுந்து இறந்துபோனார். வயது 27.

பாரிஸ் அக்கா, நீங்கள் ரயில் ஏறி அந்த ஊருக்குப் போய், சிதே போன்ழான் கல்லறைத் தோட்டத்தில் மழையில் நனைந்துகொண்டு வரிசை வரிசையாகத் தேடியிருக்கிறீர்கள். வெள்ளைக் கல், மேலே ஆஸ்திரேலியப் படையின் உதயசூரியச் சின்னம், கீழே அவர் பெயர். எழுத்து ஒன்றுகூட மங்கவில்லை. நூறாண்டு தாண்டியும் அப்படி வைத்திருக்கும் தோட்டக்காரர்களுக்கும் என் வணக்கம்.

லண்டன் ஆட்டத்தில் ஆடிய ஃபிட்ஸ்ராய் அணியின் ஜாக் கூப்பரும் 1917 செப்டம்பரில் போரில் மடிந்தவர். அடுத்து அவரைப் பற்றி எழுதத் தொடங்கியிருக்கிறேன். சீக்கிரமே உங்கள் கதவுகளைத் தட்டுவேன்.

மிக்க அன்புடன்.