படத்தில் இல்லாதவனுக்கும் சேர்த்து ஒரு நன்றி

1989-ல் பத்தாம் வகுப்பு 'பி' பிரிவில் என்னோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கும், இத்தனை வருடம் கழித்து நம்மை மறுபடி ஒரே இடத்தில் உட்கார வைத்தவர்களுக்கும் வணக்கம்.

கத்திரி வெயிலில், அதுவும் வேலூரில், எவனாவது கூட்டம் கூட்டுவானா என்று வீட்டில் கேட்டார்கள். கோடை விடுமுறையில்தான் பள்ளியில் இடம் கிடைக்கும், என்ன செய்வது? ஊருக்கு வெயிலூர் என்று சும்மாவா பேர் வைத்தார்கள். அந்த வெயிலிலும் 38 பேர் வந்தீர்கள். 2014-ல் வெள்ளி விழா என்று ஓட்டல் ஹால் பிடித்துக் கொண்டாடியபோது வந்தது 17 பேர். அந்த 17 பேரும் பத்தாம் வகுப்பு பாஸானவர்கள். மற்றவர்களைக் கூப்பிடக் கூடாது என்று யாரும் நினைக்கவில்லை. நினைவே வரவில்லை, அதுதான் இன்னும் மோசம். 1989 ஆகஸ்டு கழித்தும் தொடர்பில் இருந்தவர்கள் பதினொன்றாம் வகுப்புக்குப் போனவர்கள் மட்டும்தானே.

இந்த முறை அப்படி ஆகாமல் பார்த்துக்கொண்டவர்களுக்காகத்தான் இந்த மடல்.

தலைமையாசிரியை அம்மாவுக்கு முதல் நன்றி. பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்று போய் நின்றதும், "என் எதிரில் உட்கார்ந்து பாருங்கள், செல்போனில் படம் எடுக்கக் கூடாது" என்றார். பிள்ளைகள் மாதிரி நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டோம். பரண் மேல் ஏறிக் கட்டுகளை இறக்கிக் கொடுத்த அலுவலக உதவியாளர் அன்று முழுக்கத் தும்மிக்கொண்டே இருந்தார். அண்ணே, உங்களுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்ததோடு சரி, பாக்கி இருக்கிறது.

பதிவேட்டில் எல்லோருடைய விலாசமும் 'வ.ஆ. மாவட்டம்' என்று முடிந்திருந்தது. நாம் பரீட்சை எழுதி முடித்த அந்த வருடமே, செப்டம்பர் 30-ல், வட ஆற்காடு இரண்டானது. ஆரணிக்காரர்கள் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டத்துக்குப் போனார்கள், நாம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டமானோம். அப்புறம் அது வேலூர் மாவட்டமானது. 2019-ல் அதையும் மூன்றாக வெட்டினார்கள். சொந்த வீட்டுத் திண்ணையை விட்டு நகராமலே மூன்று மாவட்டம் பார்த்தவர்கள் நம் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போவதுதான் வேலை.

தேடியவர்கள் இரண்டு பேர். ஒருவன் அரசுப் பேருந்து நடத்துநர். எந்த ஊரில் எந்த நிறுத்தத்தில் யாரைக் கேட்டால் தகவல் கிடைக்கும் என்பது அவனுக்கு மனப்பாடம். இன்னொருவன் நம்ம கில்லஸ்பி. புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: 1806 ஜூலை 10 வேலூர்ப் புரட்சியைப் பற்றி நடத்தும்போது சரித்திர ஆசிரியர் எங்களைக் கோட்டை அகழிக் கரைக்கே கூட்டிப்போய்ப் பாடம் எடுத்தார். கோட்டையைப் பிடித்த சிப்பாய்களை அடக்க ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி என்ற வெள்ளைக்காரத் தளபதி குதிரைப் படையோடு ஓடி வந்தான் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, தினமும் ஆற்காட்டிலிருந்து பஸ்ஸில் வரும் இவன், அன்றும் தாமதமாக, மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். பேர் ஒட்டிக்கொண்டது. அந்தக் கில்லஸ்பியாவது நேரத்துக்கு வந்தான் என்பார் சார்.

இந்த இருவரும் நாலு மாதம், ஞாயிற்றுக்கிழமை தோறும், ஒரே வண்டியில் சுற்றினார்கள். குடியாத்தத்தில் லுங்கி தறி ஓட்டுகிறவன், பேரணாம்பட்டில் தோல் ஷாப்புக்குப் போகிறவன், ராணிப்பேட்டையில் ஒப்பந்தக் கூலியாக இருக்கிறவன், ஆரணியில் பட்டு நெய்கிறவன் என்று ஒவ்வொருவராகக் கிடைத்தார்கள். நால்வர் இப்போது இல்லை. அவர்களில் ஒருவனின் மகள் கூட்டத்துக்கு வந்தாள். அப்பாவுக்குப் பட்டப்பெயர் என்ன என்று கேட்டாள். பெண் பிள்ளையிடம் சொல்லக்கூடிய பெயரா அது? வற்புறுத்தினாள், சொன்னோம். விழுந்து விழுந்து சிரித்தாள்.

இனி நம் ஆம்பூர்க்காரன் கதை. பதிவேட்டில் அவன் விலாசம் வேலூர் சைதாப்பேட்டையில் ஒரு சந்து. அங்கே யாருக்கும் அவனைத் தெரியவில்லை. எதிர் வீட்டுக் கிழவி ஒருத்திதான், "பெயிலாயிட்டு ஆம்பூர் பிரியாணிக் கடையில தேக்சா கழுவப் போன பையனா?" என்று கேட்டிருக்கிறார். ஆம்பூருக்குப் போனார்கள். இப்போது அவன் பிரியாணி மாஸ்டர், கல்யாண ஆர்டர் எடுக்கிறான். வகுப்புச் சந்திப்பு என்றதும், "பத்து பெயிலானவன் அங்க வந்து இன்னா பண்ணப் போறேன்" என்று அனுப்பிவிட்டான். இரண்டாம் தடவை போனபோது கடையில் இல்லை என்று ஆள் விட்டுச் சொன்னான். மூன்றாம் தடவை போனபோது அவனே ஒரு வழி சொன்னான்: "சமைக்கறதுன்னா வரேன்."

சரி என்றுவிட்டோம். அங்கேதான் தப்பு ஆரம்பித்தது.

முதல் நாள் ராத்திரியே சட்டி பானையோடு வந்து இறங்கினான். மைதானத்து வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் செங்கல் அடுப்பு. 12 கிலோ சீரகச் சம்பா, சரிக்குச் சரி கறி. காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது, விறகுத் தீ, மேலே தணல் போட்டு தம். தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய்த் தொக்கும் வெங்காயப் பச்சடியும். கறி சாப்பிடாதவர்களுக்கு யாரும் கேட்காமலே தயிர் சாதம். கில்லஸ்பி ஆற்காட்டிலிருந்து மக்கன்பேடா கொண்டுவந்தான். சாப்பாட்டைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் வராதவர்களுக்குப் பாவம்.

கணக்கு சார் காட்பாடியிலிருந்து ஆட்டோவில் வந்தார். மருத்துவமனையில் வேலை பார்க்கும் நண்பன் சக்கர நாற்காலி கொண்டுவந்திருந்தான், சார் அதில் உட்கார மறுத்து அதைத் தள்ளிக்கொண்டே நடந்தார். பணம் அனுப்பியவர்கள் பெயர் போட வேண்டாம் என்றார்கள், போடவில்லை. மிச்சம் 6,400 ரூபாய்க்கு நம் பழைய வகுப்பறைக்கு மின்விசிறிகள் வாங்கிக் கொடுத்தாயிற்று.

கூட்டத்தில் எல்லோருமாக நின்று எடுத்த படம் பிரிண்ட் போட்டு வந்த பிறகுதான் பார்த்தேன். 1989 படத்தையும் பக்கத்தில் வைத்தேன். அந்தப் படத்துக்குக் காசு கட்டாததால் நிற்க வேண்டாம் என்று சொல்லப்பட்டவன் ஒருவன் உண்டு. புதிய படத்தில் 37 பேர். எண்ணிப் பார்த்தேன், திரும்ப எண்ணினேன். வரிசை கட்டி நாம் நின்ற நேரத்தில் அவன் தேக்சா மூடியைத் திறந்துகொண்டிருந்திருக்கிறான். கூப்பிட வேண்டும் என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ராத்திரி கடைசி ஆளாக மைதானத்தைக் கூட்டிவிட்டுப் போனான்.

மாப்ள, நன்றி என்று எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை. மன்னித்துக்கொள். வருகிற ஞாயிறு நாங்கள் ஆம்பூருக்கு வருகிறோம், போட்டோக்காரரோடு. கில்லஸ்பியை மட்டும் ஒரு மணி நேரம் முன்னாடியே கிளம்பச் சொல்லியிருக்கிறோம். சாப்பாடு நாங்கள் வேலூரிலிருந்து கட்டிக்கொண்டு வருகிறோம், நீ அடுப்புப் பற்றவைக்காதே. சட்டையை இஸ்திரி போட்டு வை, போதும்.