நாடாவின் பழைய முடிச்சு

அன்பு மகள் கயலுக்கு,

அம்மா எழுதுவது. சென்ற ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் என்னைப் பார்த்ததுமே, "சோற்றைக் குறை அம்மா, தொப்பை போட்டுவிட்டது" என்றாய். அக்கறையில் சொன்னாய் என்பது தெரியும். ஆனால், முப்பது ஆண்டுகள் விலங்கியல் நடத்தியவளுக்கு அந்தத் தீர்ப்பு அவசரமானதாகப் பட்டது.

எடை மூன்று கிலோதான் கூடியிருக்கிறது. பழைய ரவிக்கையில் தோளும் கையும் அப்படியே பொருந்த, கடைசிக் கொக்கி மட்டும் மாட்ட மறுக்கிறது. பாவாடை நாடாவில் பழைய முடிச்சின் தடத்திலிருந்து நான்கு விரற்கடை தள்ளித்தான் இப்போது முடிகிறேன். கூடிய எடைக்கு வயதும் தசைத் தேய்வும் காரணம். அதை, மாதவிலக்கு நின்றதோடு குறைந்துபோன ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் தலையில் கட்ட மாட்டேன். கொழுப்பு இடம் மாறியதில்தான் அதற்குப் பங்கு உண்டு.

மாதவிலக்கு வரும் காலம்வரை சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், கொழுப்பைத் தொடையிலும் புட்டத்திலும் தோலுக்கடியில் சேரச் செய்கிறது. விலக்கு நின்று அந்தச் சுரப்பு வற்றியதும், கொழுப்பு வயிற்றுக்குள் குடலைச் சுற்றிப் படியத் தொடங்குகிறது. சினைப்பை அகற்றப்பட்ட எலி பருப்பதும், எஸ்ட்ராடயால் என்னும் ஈஸ்ட்ரோஜன் வகையைக் கொடுத்தால் அந்தப் பருமன் குறைவதும் ஆய்வகங்களில் பலமுறை கண்டவை. ஈஸ்ட்ரோஜனைப் பற்றிக்கொள்ளும் ஆல்ஃபா ஏற்பி என்னும் புரதம் இல்லாத சுண்டெலிகள், கூடுதலாகத் தின்னாமலேயே, ஆற்றலைக் குறைவாகச் செலவிட்டுப் பருத்தன என்று 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியானது. அவற்றில் ஆண் சுண்டெலிகளும் அடக்கம் என்பதை உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

உன் பாட்டிக்கு இதே வயதில் வயிறு முன்தள்ளியபோது, மதியத் தூக்கத்தைக் குறை சொன்னவள் நான்தான். பாடப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்.

இதற்காக அலட்சியமாக இருக்கிறேன் என்று எண்ணாதே. கொழுப்புத் திசுவிலுள்ள அரோமட்டேஸ் என்னும் நொதி, ஆண்ட்ரோஜன் என்னும் ஆண் ஹார்மோனை, ஈஸ்ட்ரோஜனின் இன்னொரு வகையான ஈஸ்ட்ரோனாக மாற்றுகிறது. விலக்கு நின்ற பிறகு உடல் பருத்தால் கருப்பை உட்சுவரிலும் மார்பகத்திலும் புற்றுநோய் அபாயம் கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம். நம் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்று வகுத்திருக்கும் இடுப்பளவு எனக்கு 88 வந்துவிட்டது. எடை குறைக்கவென்று ஹார்மோன் மாத்திரை தருவதில்லை என்று மருத்துவர் கூறிவிட்டு, சர்க்கரையும் இரத்தக் கொழுப்பும் பார்த்துவரச் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை வெறும் வயிற்றோடு போகிறேன். சோற்றிலும் ஒரு கரண்டி குறைத்துவிட்டேன், உனக்காக.

அன்புடன்,
அம்மா