மூடுபனி பார்க்க ஒரு டிஸ்க்

கன்னங்குறிச்சி, சேலம்
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. காபிப் பழம் பறிக்க ஆள் கிடைக்காமல் நீ படும் பாட்டைப் படித்ததும் பதில் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் வீட்டில் ஒரு புதுப் பெட்டி வந்து இறங்கிவிட்டது. அதோடு மல்லுக்கட்டுவதிலேயே நாள் போய்விட்டது. கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, "அந்த டிவிடி அலமாரியைக் காயலான் கடைக்குப் போடு, எல்லாப் படமும் இப்போது போனிலேயே வருகிறது" என்று. போடவில்லை. அலமாரிக்கு இன்னொரு பலகை அடித்திருக்கிறேன்.

வந்திருப்பது 4கே அல்ட்ரா எச்டி ப்ளூரே டிஸ்க்கும் அதை ஓட்டும் பெட்டியும். வெளிநாட்டில் 2016லேயே கடைக்கு வந்துவிட்ட சரக்கு; நம் கூட்டத்துக்குத்தான் புதுசு. டிஸ்க்கைக் கையில் எடுத்தால் பழைய டிவிடிக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது. அதனால்தான் முதல் நாள் ஏமாந்தேன். டிஸ்க் முன்னால் வந்தது, பெட்டி நாலு நாள் கழித்து. பொறுமை இல்லாமல் டிஸ்க்கைப் பழைய ப்ளூரே பெட்டியில் போட்டேன். அது முனகிவிட்டுப் படிக்க முடியாது என்று துப்பிவிட்டது. விற்றவனை மனசுக்குள் திட்டித் தீர்த்த பிறகுதான் தப்பு என்னுடையது என்று தெரிந்தது. சாதாரண ப்ளூரேயில் ஓர் அடுக்குக்கு 25 ஜிபி. இதில் அதே இடத்தில் 33 ஜிபி எழுதுகிறார்கள், மூன்று அடுக்கு போட்டால் 100 ஜிபி. நம் டிவிடி இரண்டு அடுக்கிலும் சேர்த்து 8.5தான். அவ்வளவு நெருக்கி எழுதியதைப் பழைய பெட்டியின் கண்ணால் படிக்க முடியாது. புதுப் பெட்டி மட்டும் தாராளம். பழைய ப்ளூரே, டிவிடி எதைக் கொடுத்தாலும் ஓட்டுகிறது.

நினைவிருக்கிறதா, விசிடி காலம்? ஒரு தட்டில் 74 நிமிடம். தமிழ்ப் படம் என்றால் மூன்று தட்டு. சண்டை உச்சத்துக்குப் போகும்போது படம் நின்றுவிடும், யாராவது எழுந்துபோய் மாற்ற வேண்டும். எப்போதும் நான்தான் எழுந்தேன் என்பதையும் இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 4கே என்றால் கூர்மை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 3840க்கு 2160 புள்ளி, ப்ளூரேயைப் போல நான்கு மடங்கு. உண்மைதான். ஆனால் 43 அங்குல டிவியைப் பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்த்தால் அந்தக் கூர்மை உன் கண்ணுக்கும் எட்டாது, என் கண்ணுக்கும் எட்டாது. நமக்கு ஏற்கெனவே கண்ணாடி வேறு. என்னை மடக்கியது கூர்மை இல்லை, மூடுபனி.

உன் வீட்டுத் திண்ணையில் காலையில் பார்ப்போமே, சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாக வெளுத்து, எந்த இடத்தில் மரம் முடிந்தது, எங்கே பனி தொடங்கியது என்று சொல்ல முடியாமல் போகும். அந்த மாதிரி ஒரு காட்சியை நெட்டில் பார்த்தால் என்ன ஆகிறது? பனி படிப்படியாக உடைகிறது. சாம்பல் நிறத்தில் வளையம் வளையமாக, மேட்டூர் அணையில் தண்ணீர் வற்றும்போது கரையில் கோடுகள் தெரியுமே, அப்படி. பழைய முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிதான். இந்த டிஸ்க்கில் 1024. நெட்டில் வரும் நல்ல 4கே படத்திலும் அதே 1024 உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அங்கே நொடிக்கு 15, 20 மெகாபிட்டுக்குள் படத்தை அமுக்க வேண்டியிருக்கிறது. டிஸ்க்கில் தேவைப்பட்டால் 100ஐத் தாண்டியும் போகலாம். அமுக்கும் கணக்கு எதை முதலில் தூக்கி எறியும்? அங்கே ஒன்றுமே இல்லை என்று அதற்குத் தோன்றுவதை. பனி, புகை, இரவு, சுவர். நல்ல ஒளிப்பதிவாளர் உயிரைக் கொடுத்து எடுத்தது எல்லாம் அதில்தான் இருக்கும்.

அடுத்தது எச்டிஆர், வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள தூரத்தைக் கூட்டிக் காட்டும் முறை. இதற்கு மேல் விளக்கம் வேண்டாம், உங்கள் ஏற்காட்டு லேடீஸ் சீட் முனையில் இருட்டிய பிறகு போய் நில். கீழே சேலம் முழுக்க விளக்கு. ஒவ்வொரு புள்ளியும் குத்துகிறது, ஆனால் நடுவே இருக்கும் இருட்டு இருட்டாகவே இருக்கிறது. பழைய டிவி முறையில் அதிகபட்ச வெளிச்சம் 100 நிட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்று வைத்துக்கொண்டுதான் படத்துக்கு நிறம் சரிசெய்தார்கள். எச்டிஆரில் 1000, அதற்கு மேலும் போகிறார்கள். கண்ணைக் கூச வைக்க அல்ல. விளக்கு விளக்காக இருக்க, இருட்டை வெளுக்காமல் விட. டால்பி விஷன், எச்டிஆர்10 பிளஸ் என்று இதில் சாதி உட்சாதி எல்லாம் உண்டு. அதை விடு, சண்டைக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

போன வாரம் நம் பழைய கூட்டத்தில் நாலு பேரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். 35 மி.மீ. ஃபிலிமில் எடுத்த படம். பத்து நிமிடத்தில் ஒருவர், "என்னப்பா, படம் பூராவும் புழுதி பறக்குது" என்றார். அது ஃபிலிமின் மணி, அதாவது ஃபிலிமிலேயே இருக்கும் பொடிப் புள்ளிகள் (கிரெய்ன்), அது இருந்தால்தான் அசல் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் டீ ஆறிவிட்டது. இந்தப் புகாருக்குப் பயந்தே சில டிஸ்க்குகளில் மணியை வழித்து எடுத்து, நடிகர்களை மெழுகு பொம்மை ஆக்கியிருக்கிறார்கள். ஆகவே 4கே என்று அட்டையில் போட்டாலே வாங்கிவிடாதே. 2000க்குப் பிறகு வந்த பல படங்களை 2கேயில், அதாவது ஏறக்குறைய கால்வாசிப் புள்ளியில் முடித்துவிட்டு, இப்போது இழுத்துப் பெரிசாக்கியிருக்கிறார்கள். பழைய படம், நல்ல நெகட்டிவ், அக்கறையாக ஸ்கேன் செய்தது என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். இன்னொரு சௌகரியம், 4கே டிஸ்க்குக்கு நாட்டுப் பூட்டு கிடையாது. டிவிடிக்கு நாம் 5ஆம் மண்டலம், ப்ளூரேக்கு சி மண்டலம் என்று தேடி அலைந்த தொல்லை இதில் இல்லை. விலையைக் கேட்காதே. கேட்டால் திட்டுவாய்.

ஏற்காடு ரோட்டில் தினமும் நடக்கப் போகிறேன். பழைய சினிமா ஸ்டுடியோ மாடர்ன் தியேட்டர்ஸின் வாசல் வளைவு மட்டும் நிற்கிறது. நேற்று அதைத் தாண்டும்போது ஒரு நினைப்பு. 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் இந்தக் கம்பெனியிலிருந்துதான் போனது, கேவாகலர் என்ற வண்ண ஃபிலிமில், அலிபாபாவும் நாற்பது திருடர்களும். நாம் வாங்கிச் சேர்த்த பழைய தமிழ் டிஸ்க் எல்லாம் கொட்டகை கொட்டகையாக ஓடித் தேய்ந்த பிரிண்டைப் பார்த்து எடுத்தவை போலத்தான் இருக்கின்றன; கோடும் வெட்டும் சாயம் போன சிவப்பும். 100 ஜிபி இடம் கொடுத்தாலும் தேய்ந்துபோனதை அது எங்கே போய்த் தேடும்? ஹாலிவுட்டில் அதே காலத்துப் படங்களைப் பளிச்சென்று பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது, மாப்ளே. சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எரிகிறது.

சரி, இதைக் கவனி. உன் டிவியின் பின்பக்கம் எச்டிஎம்ஐ துளைகளில் எதன் பக்கத்திலாவது எச்டிசிபி 2.2 என்று அச்சிட்டிருக்கிறதா, டார்ச் அடித்துப் பார்த்து எழுது. திருட்டு நகலைத் தடுக்கிற பூட்டு அது; அது இல்லாத துளையில் செருகினால் 4கேயில் படம் வராது. இருந்தால், பெட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸிலேயே ஏறி வந்துவிடுகிறேன். மழை வந்தால் உன் நெட் படுத்துக்கொள்ளும், டிஸ்க்குக்கு அந்தக் கவலை இல்லை. கரண்ட் மட்டும் இருந்தால் போதும். இல்லையென்றால் நீ இறங்கி வா, தட்டுவடை செட் என் செலவு.

வரும்போது மிளகு ஓர் அரைக் கிலோ. போன தடவை கொடுத்தது தீர்ந்துவிட்டது.

உன் கூட்டாளி