நீங்கள் கிளம்பிய பிறகு அந்த ஊருக்கு யார் பொறுப்பு?

பன்னாட்டு வடிவமைப்புப் பயிலரங்குகளை நடத்தும் பல்கலைக்கழகத் துறைகளுக்கும் கட்டடக்கலை அமைப்புகளுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். அடுத்த பருவத்துக்கான உங்கள் அறிவிப்புகள் வரத் தொடங்கிவிட்டன. பழைய துறைமுகத்திலோ மூடிக்கிடக்கும் ஆலையிலோ பத்து நாள் முகாம், பல நாட்டு மாணவர்கள், பெயர்பெற்ற பயிற்றுநர்கள், முடிவில் ஒரு சான்றிதழ். போகலாமா என்று கேட்கும் மாணவர்களிடமும் இளம் கட்டடக்கலைஞர்களிடமும் தயங்காமல் போய்வாருங்கள் என்றுதான் பெரும்பாலும் சொல்கிறேன். என் மனக்குறையை அவர்களிடம் சொல்லிப் பயனில்லை. அது உங்களிடம் சொல்ல வேண்டியது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஒரே மேசையைச் சுற்றி ஐந்து நாட்டவர் உட்காரும்போது நடப்பதை எந்தப் பாடத்திட்டமும் தந்துவிடாது. ஒரு பெண் கட்டடத்தைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதுபோல வரையும் வெட்டுத்தோற்றத்திலிருந்து தொடங்குகிறாள். பக்கத்தில் இருப்பவனுக்கு அட்டையை வெட்டி மாடல் செய்தால்தான் யோசனையே ஓடும். இன்னொருவன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிடுகிறான். நான்காவது ஆள், இந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டுவிட்டு, பதில் கிடைக்கும்வரை ஒரு கோடுகூடப் போட மறுக்கிறாள். வடிவமைப்பு என்றாலே இப்படித்தான் என்று நான்கு வருடமாக நம்பியிருந்தது தன் கல்லூரியின் பழக்கம் மட்டுமே என்பது இரண்டாம் நாளே ஒவ்வொருவருக்கும் உறைத்துவிடுகிறது. மொழி தடுமாறுகிறவர்கள் வரைந்து வாதாடுகிறார்கள். முதலிரண்டு நாள் நன்றாகப் பேசுகிறவர்கள் குழுவை இழுத்துக்கொண்டு போவதும், மூன்றாம் நாள் வாக்கில் நன்றாக வரைகிறவர்கள் பக்கம் குழு சாய்ந்துவிடுவதும் நான் பயிற்றுநராக இருந்த இடங்களிலெல்லாம் கண்ட வேடிக்கை.

இத்தனை ஆற்றலையும் ஒரே ஒரு மாலைப்பொழுதுக்காகச் செலவழித்துவிடுகிறீர்கள் என்பதுதான் என் மனக்குறை. முதல் நாளிலிருந்து எல்லாமே இறுதிநாள் விளக்கக்காட்சியை நோக்கியே ஓடுகின்றன. அது முடிந்தால் பயிலரங்கு முடிந்தது. எந்த ஊரை வைத்து அவ்வளவும் வரையப்பட்டதோ, அந்த ஊருக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. மிஞ்சினாலும் அது பெரும்பாலும் வேண்டாத பொருளாக இருக்கிறது.

அந்த மாலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சுவர் முழுக்க ஏ1 அளவுப் பெரிய தாள்கள். அவற்றை அச்சிடும் பிளாட்டருக்கு முன்னால் விடிய விடிய வரிசையில் நின்ற கண்கள். குழுவுக்கு ஏழெட்டு நிமிடம். நகராட்சியிலிருந்து வந்த பிரமுகர் இரண்டாவது குழுவோடு எழுந்து போய்விடுவார். நான் ஜூரியில், அதாவது வேலைகளை மதிப்பிடும் குழுவில், இருந்த ஒரு பயிலரங்கில், கடைசி வரிசையிலிருந்து ஒரு முதியவர் எழுந்தார். இந்தச் சரிவில் இறங்கும் மழைத்தண்ணீர் எப்போதும் தன் வீட்டுப் பக்கம்தான் வரும், நீங்கள் போட்டிருக்கும் சதுக்கத்தில் அது எங்கே போகும் என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டார். வரைபடத்தில் அவர் வீடு இருக்கவேண்டிய இடத்தில் மரங்கள் நின்றன. இது வெறும் கருத்தாக்கம்தான் என்று அந்தக் குழுவின் பயிற்றுநர் சமாளித்தார். அடுத்த குழுவை அழைத்தார்கள். மறுநாள் காலை மாடல்களெல்லாம் குப்பைத்தொட்டியில் கிடந்தன. விமானத்தில் எடுத்துப்போக முடியாதே. தாள்களைச் சிலர் சுருட்டிக்கொண்டு போனார்கள். ஊருக்கென்று ஒரு பிரதிகூட வைக்கவில்லை.

அன்று ஜூரியில் நாங்கள் பேசிய எல்லாவற்றையும்விட அந்த முதியவரின் கேள்விதான் உருப்படியான விமர்சனம். முதல் நாளே மேசைக்கு வந்திருக்க வேண்டிய அந்தக் கேள்வி, எதையும் மாற்ற முடியாத கடைசி மணி நேரத்தில் வந்தது. அவரை முதல் நாளே யாரும் அழைக்கவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு காரணமில்லை.

பத்து நாளில் இதற்குமேல் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். பத்து நாளில் ஓர் ஊரைத் தெரிந்துகொள்ள முடியாது, சரிதான். ஆனால் அந்த வேலை பத்து நாளுக்கு முன்னால் தொடங்கக் கூடாது என்று விதியா இருக்கிறது? கட்டடக்கலைஞர் ஜான்கார்லோ டி கார்லோ 1976இல் இத்தாலியின் உர்பினோவில் தொடங்கிய பன்னாட்டுக் கட்டடக்கலை, நகர வடிவமைப்பு ஆய்வகம் உங்களுக்குத் தெரியாததல்ல. பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் அதில் சேர்ந்திருந்தன. மாணவர்கள் வந்து தங்கி வேலை செய்தது அதில் ஒரு பகுதி மட்டுமே. மறுபகுதி அவரவர் கல்லூரியில் ஆண்டு முழுக்க நடந்தது. இன்னொன்று அதைவிட முக்கியம். டி கார்லோ 1950களிலிருந்தே உர்பினோவில் வேலை செய்துகொண்டிருந்தவர். 1958க்கும் 1964க்கும் இடையில் அந்நகருக்கான திட்டத்தை வகுத்தவர். மலைச்சரிவில் மாணவர் விடுதிகளைக் கட்டியவர். மாணவர்களை அழைத்தபோது, ஊரைப் பற்றி எதைக் கேட்டாலும் சொல்ல ஓர் ஆள் அங்கே இருந்தார். உங்கள் பயிற்றுநர்களில் பலர் மாணவர்கள் வந்திறங்கும் அதே நாளில்தான் அந்த ஊரை முதன்முதலாகப் பார்க்கிறார்கள். இருவரும் சேர்ந்து நுனிப்புல் மேய்வதற்குப் பயிலரங்கு என்று பெயர் வைத்துவிட்டோம்.

காலம் குறைவாக இருப்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் கட்டடக்கலைஞர் பிரையன் மக்கே-லயன்ஸ் 1994 முதல் 2011 வரை நடத்திய ‘கோஸ்ட்’ முகாம்களும் இரண்டே வாரம்தான். ஒரு வாரம் வடிவமைப்பு, ஒரு வாரம் கட்டுமானம். ஆனால் கட்டியதெல்லாம் அவருடைய சொந்தப் பண்ணை நிலத்தில். அட்லாண்டிக் காற்றில் ஒரு பலகை பெயர்ந்தால் மறுநாள் அதைப் பார்த்துத் தொலைக்க வேண்டியவர் அவரே. பொறுப்பு யாருக்கு என்பதில் அங்கே குழப்பமே இல்லை.

உங்கள் பயிலரங்குகளில் கட்டப்படுவனவற்றுக்கு அப்படி ஓர் ஆள் இருக்கிறாரா? ஒரு சிறுநகரச் சதுக்கத்தில் மாணவர்கள் போட்ட மரமேடை ஒன்றை, அது திறந்துவைக்கப்பட்டதற்கு அடுத்த கோடையில் போய்ப் பார்த்தேன். படங்களில் அத்தனை அழகு. நேரில் பார்த்தால் பலகைகள் வெளுத்து, ஓரங்கள் நெளிந்து மேலே எழும்பியிருந்தன. ஒவ்வொரு திருகாணியின் தலையைச் சுற்றியும் துரு கறையாக இறங்கியிருந்தது. நடுவில் ஒரு சதுரத்தை மட்டும் யாரோ முரட்டுத்தனமாக அறுத்து எடுத்திருந்தார்கள். குனிந்து பார்த்தால் கீழே பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடி. அடைப்பெடுக்க வந்த பணியாளர்களுக்கு வேறு வழி இல்லை, ரம்பத்தைப் போட்டிருக்கிறார்கள். தளத்தை அளக்கப் போன முதல் நாளே கண்ணில் பட வேண்டிய மூடி அது. வடிகால் பிரிவிலிருந்து ஒரு மேஸ்திரியை ஒரு மணி நேரம் அழைத்து உட்கார வைத்திருந்தால் அவரே காட்டியிருப்பார். அழைப்பிதழோ பண்பாட்டுத் துறைக்குத்தான் போனது. அறுபடுவதற்கு முந்தைய படம்தான் அந்த அமைப்பின் அறிவிப்பில் இன்றும் முகப்பில் நிற்கிறது.

இதில் மாணவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கட்டியதை யார் பராமரிப்பார்கள், எத்தனை வருடம் நிற்க வேண்டும், யார் கழற்றி எடுப்பார்கள் என்று அவர்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. ஒரே பருவம் நின்றால் போதும் என்றால் அதை முதலிலேயே சொல்லி, இரண்டு பேர் ஒரு ஸ்பானரோடு வந்து அரை நாளில் கழற்றும்படி வடிவமைக்கச் சொல்லுங்கள். இணைப்புகளைப் பற்றி ஒரு பருவம் முழுக்க வகுப்பெடுத்தாலும் வராத தெளிவு அதில் வந்துவிடும். (விழாவுக்குப் பந்தல் வேண்டும் என்பதற்காக மாணவர்களிடம் கட்டணமும் வாங்கிக்கொண்டு அவர்களையே கட்ட வைக்கும் அமைப்புகளும் இருக்கின்றன. அவர்களுக்கு ஒரே வரிதான்: தச்சர்களை அழைத்துக் கூலி கொடுங்கள்.)

திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்குப் போவதால் என்ன கிடைக்கும் என்பதற்கு அதிகம் தேட வேண்டியதில்லை. வங்கதேசத்தின் ருத்ராபூரில் கட்டடக்கலைஞர் அன்னா ஹேரிங்கர் மண்ணாலும் மூங்கிலாலும் எழுப்பிய பள்ளிக்கு 2007இல் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது கிடைத்தது. அந்தப் படங்களைக் காட்டாத கட்டடக்கலை வகுப்பு இருக்காது. அவர் 1997 வாக்கில், கல்லூரியில் சேர்வதற்கு முன்பே, தீப்ஷிகா என்ற தொண்டு நிறுவனத்தில் தன்னார்வலராக அந்த நாட்டுக்குப் போய்க் கிட்டத்தட்ட ஓராண்டு இருந்தவர் என்பதை மட்டும் வகுப்பில் சொல்வதில்லை. பள்ளியின் கட்டுமானம் 2005இல்தான் தொடங்கியது. விருது வந்ததோடு அவர் ஊரைக் கைகழுவவும் இல்லை. 2020இல் கட்டடக்கலைக்கான ஓபெல் விருது பெற்ற ஆனந்தாலய், மாற்றுத்திறனாளிகளுக்கான மையம், அதே ருத்ராபூரில்தான் நிற்கிறது.

அமெரிக்காவின் அலபாமாவில் சாமுவேல் மாக்பீயும் டி.கே. ரூத்தும் 1993இல் தொடங்கிய ரூரல் ஸ்டுடியோ பன்னாட்டுப் பயிலரங்கு அல்ல. மாணவர்கள் வடிவமைத்துக் கட்டியே கற்கும், ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் ஒரு பிரிவு. இருந்தாலும் ஹேல் கவுண்டி என்ற மாவட்டத்தையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் விட்டு அது நகரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். 20,000 டாலருக்குள் ஒரு நல்ல வீட்டைக் கட்ட முடியுமா என்று 2005இல் ஒரு கேள்வியை எடுத்தார்கள். அடுத்தடுத்து வந்த மாணவர்கள், முந்தைய குழு விட்ட இடத்திலிருந்து அதே கேள்வியைத் தொடர்ந்தார்கள். நீங்கள் ஆண்டுக்கு ஓர் ஊர், ஆண்டுக்கு ஒரு கருப்பொருள் என்று தாவிக்கொண்டிருப்பதால், போன ஆண்டுக் குழு கற்றது இந்த ஆண்டுக் குழுவுக்கு வந்து சேருவதே இல்லை.

ஊர் ஊராகப் போவது எல்லாமே தப்பு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1981இல் லிவர்பூலில் தொடங்கிய ஐரோப்பியக் கட்டடக்கலை மாணவர் பேரவை ஆண்டுதோறும் வேறு வேறு ஊரில்தான் கூடுகிறது. மாணவர்களே நடத்துகிறார்கள், நூற்றுக்கணக்கானோர் இரண்டு வாரம் ஒன்றாக இருக்கிறார்கள், ஒருவரிடம் ஒருவர் கற்கிறார்கள். கூடுவதுதான் அதன் உயிர். உங்கள் நோக்கமும் அதுதான் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். அப்போது இந்த நகரத்தின் ஆற்றங்கரைக்குத் தீர்வு தருகிறோம் என்று அறிவிப்பில் போடாதீர்கள். தீர்வு என்ற பேச்சை எடுத்துவிட்டால் ஆற்றங்கரையில் குடியிருப்பவர்கள் நம்பத் தொடங்கிவிடுவார்கள்.

இடத்தை முன்கூட்டியே முடிவு செய்தால் தேதிகளும் முன்கூட்டியே முடிவாகும். அதைச் சொல்வதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது பதினைந்து நாள் முன்பாவது விண்ணப்பித்திருக்க வேண்டும். முடிவு சொல்லப் பொதுவாகப் பதினைந்து நாள், சில விண்ணப்பங்களுக்கு நாற்பத்தைந்து நாள்வரை எடுத்துக்கொள்வார்கள். 2024 ஜூனிலிருந்து கட்டணம் 90 யூரோ; விசா மறுக்கப்பட்டால் அது திரும்பி வராது. நேர்காணலுக்கு நாள் கிடைப்பது தனிப் போராட்டம். இத்தனையும் இருக்க, தேர்வுக் கடிதத்தைப் பயிலரங்குக்கு மூன்று வாரம் முன்னால் அனுப்பினால் யார் வந்து சேர்வார்கள்? விசா தேவைப்படாதவர்கள் மட்டும். பிறகு குழுப் புகைப்படத்தில் எல்லாக் கண்டங்களும் இல்லையே என்று வருத்தப்படுகிறீர்கள். நான்கு மாதம் முன்பே தேர்வை முடித்துவிடுங்கள். விசா கிடைக்காதவருக்குப் பயிலரங்குக் கட்டணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுங்கள். அந்த ஊரிலோ பக்கத்திலோ படிக்கும் மாணவர்களிடம் கட்டணமே வாங்காதீர்கள். குழுவில் பாதி இடமாவது அவர்களுக்குப் போகட்டும். மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று அவர்களுக்குத் தெரியும். நீங்கள் போன பிறகும் அங்கேயே இருப்பவர்களும் அவர்கள்தான்.

நான் கேட்பது இதுதான். ஓர் ஊரை எடுத்தால் குறைந்தது மூன்று ஆண்டு அதை விடாதீர்கள். முதல் ஆண்டு எதையும் கட்ட வேண்டாம். அளக்கட்டும், கேட்கட்டும், வரைந்ததை ஊராரிடம் காட்டித் திருத்தட்டும். ஊர்க்காரர்கள் பார்வையாளர் வரிசையில் உட்காராமல் ஜூரியில் உட்காரட்டும். பேச்சு அவர்கள் மொழியில் நடக்கட்டும், மொழிபெயர்ப்பு எங்களுக்காக இருக்கட்டும். அளவை வரைபடங்களையும் மாடல்களையும் அங்குள்ள நூலகத்திலோ பள்ளியிலோ ஒப்படைத்துவிட்டுக் கிளம்புங்கள். ஊர்க்காரர் ஒருவருக்கு அதில் ஒரு வடிகால் மட்டமாவது என்றைக்காவது பயன்படும். இரண்டாம் ஆண்டு வரும் குழு முதல் வேலையாக முதல் ஆண்டுக் குழுவின் கணிப்புகளில் எது பொய்த்தது என்று பார்க்கட்டும். இதில் பகட்டு இல்லை என்பது எனக்கும் தெரியும். புரவலர்களுக்கு ஆண்டுக்கொரு திறப்புவிழா வேண்டும் என்பதும் தெரியும். அவர்களோடு பேசவேண்டியது உங்கள் வேலை. அதற்கு மாணவர்களை விலையாகக் கொடுக்காதீர்கள்.

அடுத்த அறிவிப்பில், பயிற்றுநர்களின் பெயர்களுக்கு மேலே மூன்று தகவல்களைப் போடுங்கள்: இந்த ஊரில் எத்தனையாவது ஆண்டாக வேலை செய்கிறீர்கள், போன முறை செய்தது இப்போது என்ன நிலையில் இருக்கிறது, நீங்கள் கிளம்பிய பிறகு ஊர்க்காரர் யாரைத் தொடர்புகொள்ள வேண்டும். அப்படி ஓர் அறிவிப்பு வந்தால் என் மாணவர்களின் விண்ணப்பங்களை நானே உட்கார்ந்து திருத்திக் கொடுக்கிறேன். இனி பயிற்றுநராக என்னை அழைப்பதாக இருந்தால் மூன்று ஆண்டுக்கும் சேர்த்து அழையுங்கள், வருகிறேன். ஒரே ஒரு பருவத்துக்கு மட்டும் என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பயிலரங்குகளில் மாணவராகவும் பயிற்றுநராகவும் இருந்த ஒரு கட்டடக்கலைஞர்