வைடால் முடிவை நம்பி ஆன்டிபயாடிக் தரலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

நாலு நாள் காய்ச்சல் என்று போனாலே வைடால் சோதனைக்கு எழுதிக்கொடுத்து, 'பாசிட்டிவ்' என வந்தவுடன் டைபாய்டு என்று முடிவுகட்டி ஆன்டிபயாடிக் தொடங்கிவிடும் வழக்கம் பல ஊர்களில் இன்றும் நீடிக்கிறது. 1896இல் அறிமுகமான இச்சோதனை கிருமியைக் கண்டறிவதில்லை. உடலில் உருவான எதிர்ப்பொருளையே காட்டுகிறது. முன்பு டைபாய்டு வந்தவருக்கும், சில வேளைகளில் மலேரியா போன்ற வேறு காய்ச்சல் கண்டவருக்கும்கூட அது பாசிட்டிவ் ஆகக்கூடும் என்பதால், ஒரேயொரு முடிவை வைத்து மருந்து தருவது பெரும்பாலும் ஊகமே.

இரத்தத்தைக் கல்ச்சர் செய்தால், அதாவது ஆய்வகத்தில் வைத்து வளர்த்துப் பார்த்தால், கிருமியே வளர்ந்து, எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்பதும் தெரியவரும். முடிவு வரச் சில நாட்களாகும், செலவும் கூடுதல் என்பது உண்மைதான், முன்பே மாத்திரை விழுங்கியிருந்தால் கிருமி வளராமலும் போகலாம் (மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் நம் பழக்கத்தைச் சொல்லவும் வேண்டுமா?).

ஆனாலும் எந்த மருந்து கேட்கும் என்று அறிவது இன்று அவசியம். சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் ஆன்டிபயாடிக் டைபாய்டுக்கு இங்கே பெரிதும் பயனிழந்துவிட்டது. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016 முதல் பரவிய டைபாய்டு கிருமி வகைக்கு செஃப்ட்ரியாக்சோன் ஊசியும் கேட்கவில்லை. மாத்திரைகளில் அசித்ரோமைசினே மிஞ்சியது.

ஆகவே அரசு மருத்துவமனைகளிலாவது, டைபாய்டு என ஐயுறும் நோயாளிக்கு முதல் வேளை ஆன்டிபயாடிக் தருமுன் கல்ச்சருக்கு இரத்தம் எடுப்பதைச் சுகாதாரத் துறை கட்டாயமாக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை