மழைமானித் தரவு இடையில் அறுந்தால்

ஆசிரியர் அவர்களுக்கு,

2014 ஒக்டோபரில் பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தையில் நடந்த மண்சரிவுக்குப் பிறகு இலங்கை மலையகத்தில் தானியங்கி மழைமானி பற்றிப் பேசுகிறோம். அதன் தரவு வந்துசேரும் வழி பற்றிப் பேச்சே குறைவு.

24 மணித்தியாலத்தில் 75, 100, 150 மி.மீ. மழை என்ற எல்லைகளில் மண்சரிவு எச்சரிக்கை படிப்படியாக உயர்கிறது. அடைமழையில் கரண்டும் சிக்னலும் போய்விடும். தரவு வராத நேரத்தை மென்பொருள் பூச்சியமாக எண்ணினால், 160 மி.மீ. பெய்த மலை 90 என்று காட்டும். இது உயிரோடு விளையாடுவது. 'தரவு இல்லை' என்பது தனி நிலையாகப் பதியப்பட வேண்டும்; 15 நிமிடம் எதுவும் வராவிட்டால் கடமையில் இருப்பவரின் போன் அடிக்க வேண்டும்.

மழைமானியிலுள்ள மெமரி கார்டில் ஒரு வாரப் பதிவாவது இருக்கட்டும். ஒவ்வொரு பதிவிலும் நிலைய எண், தொடர் எண், மழை பெய்த நேரம் தேவை. சேர்வர் 'கிடைத்தது' என்று சொல்லும்வரை திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும். அந்தப் பதில் வழியில் தொலைந்தால் ஒரே பதிவு இருமுறை வரும். தொடர் எண்ணைப் பார்த்து இரண்டாவதைத் தள்ளாவிட்டால் 40 மி.மீ. 80 ஆகும், தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளை வீணாகக் காலி செய்தால் அடுத்த முறை சனம் அசையாது.

சேர்வர் பக்கத்தில், வரும் பதிவுகளை வரிசையாகச் சேமிக்கும் காஃப்கா போன்ற மென்பொருளில் மூன்று பிரதிகள் வைத்து, இரண்டில் எழுதிய பின்பே 'கிடைத்தது' என்று சொல்ல வேண்டும். மூன்றும் ஒரே அறையில் இருந்தால் பயனில்லை. மழையின் கூட்டுத்தொகையையும், எந்தப் பதிவுவரை வாசித்துக் கூட்டினோம் என்பதையும் ஒன்றாகவே சேமிக்க வேண்டும்; இல்லாவிட்டால் சேர்வர் விழுந்து எழும்போது சில பதிவுகள் விடுபடும் அல்லது இருமுறை கூட்டப்படும்.

ஒக்டோபர் மழைக்கு முன் ஒருநாள், ஓடிக்கொண்டிருக்கும் சேர்வரின் பிளக்கைக் கழற்றுங்கள். திரும்ப எழுந்ததும் மொத்த மழையளவை மழைமானியின் கார்டோடு ஒப்பிடுங்கள்.

தரவுப் பொறியியலாளர்கள் சிலர்,
ஹட்டன்.